மட்டி, கணவாய் ஓடு, பவளம்: ஒரே கால்சியம் கார்பனேட்டை எப்படி இத்தனை விதமாகக் கட்டுகின்றன?

முதுநகர்_வேதியியல் (கடலூர்)

வணக்கம். கடலூர் முதுநகரில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். கரைதிறன் பெருக்கம் நடத்தும்போது கால்சியம் குளோரைடு கரைசலில் சலவைச் சோடாக் கரைசலை ஊற்றிக் காட்டுவது வழக்கம். ஊற்றிய கணமே வெள்ளையாகக் கலங்கிவிடும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பது இதுதான்: கடல் தண்ணீரிலும் கால்சியம் இருக்கிறது, கார்பனேட்டும் இருக்கிறது, கடல் ஏன் கலங்கவில்லை? கலங்காத அந்தத் தண்ணீரிலிருந்தே பவளம் எப்படிக் கல் எடுக்கிறது?

அடுத்த கேள்வி உருவம் பற்றியது. சில்வர் பீச்சில் கிடக்கும் மட்டி ஓடு கெட்டி. கணவாய் ஓடு நகத்தால் கீறினாலே பொடியாகிறது. கத்தாழை மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல் பீங்கான் மாதிரி வழவழப்பு. மூன்றும் கால்சியம் கார்பனேட் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் உருவத்தைத் தீர்மானிப்பது எது?

மூன்றாவது என் தேவை. பவளம் இல்லாமல், பள்ளி ஆய்வகத்தில் கிடைப்பதை வைத்து, ஒரு பாடவேளைக்குள்ளோ இரவு ஊறவைத்தோ செய்து காட்டும்படி ஏதாவது சொல்லுங்கள். அளவு வேண்டும். எங்கே சொதப்பும் என்பதும் வேண்டும்.


பரங்கிப்பேட்டை_அலை

வணக்கம் ஐயா. முதல் கேள்விக்கு என் பதில்.

கடல் கலங்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறது. வெப்பமண்டலக் கடல்களின் மேல்மட்ட நீர், அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வகை) கரைவதற்கான எல்லையைத் தாண்டி மூன்றரை, நான்கு மடங்கு நிறைந்திருக்கிறது. கணக்குப்படி விழவேண்டும். விழாமல் தடுப்பவை பல. புதுப் படிகம் பிறக்க முதலில் ஒரு கரு வேண்டும். அந்தச் சின்னக் கருவை உண்டாக்கும் ஆற்றல் தடையைத் தாண்ட நான்கு மடங்கு நிறைவு போதாது. அடுத்து மெக்னீசியம். ஒரு கிலோ கடல் நீரில் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம், மெக்னீசியம் சுமார் 1,290 மில்லிகிராம். மோல் கணக்கில் ஒரு கால்சியத்துக்கு ஐந்து மெக்னீசியம். மெக்னீசியம் அயனி தன்னைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளை லேசில் விடாது. கால்சைட் (அதே கார்பனேட்டின் இன்னொரு படிக வகை) படிகத்தின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியை மடக்கும். கடல் நீரில் கால்சைட்டைவிட அரகோனைட் எளிதாக வளர்வதற்கு முக்கியக் காரணம் இதுவே. பாஸ்பேட்டும் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களும் தம் பங்குக்குத் தடுக்கின்றன.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை, கார்பனேட்டுக்குத்தான் பஞ்சம். கரைந்துள்ள கனிமக் கார்பனில் ஏறத்தாழ 90 சதவீதம் பைகார்பனேட்டாகவே இருக்கிறது. கார்பனேட் அயனி பத்தில் ஒரு பங்குதான்.

இப்போது பவளம். எலும்புக்கூடு உருவாவது கடலில் இல்லை. பவள உயிரியின் அடித்தோலுக்கும் ஏற்கெனவே கட்டிய கல்லுக்கும் இடையில் ஓர் இடுக்கு இருக்கிறது. அதன் அகலம் நானோமீட்டர் அளவிலிருந்து சில மைக்ரான் வரை. மேலே இருக்கும் செல் வரிசைக்குக் காலிகோபிளாஸ்ட் என்று பெயர். கல் வளர்வது அந்த இடுக்கில் உள்ள திரவத்தில். அந்தத் திரவம் கடல் நீராகத் தொடங்கினாலும் பவளம் அதை அப்படியே விடுவதில்லை.

முக்கிய வேலை பம்ப் செய்வது. பைகார்பனேட் கார்பனேட்டாக மாறும்போது ஒரு புரோட்டான் கழன்று வருகிறது. அது அங்கேயே தங்கினால் கட்டிய கல்லையே கரைக்கும். அதை வெளியேற்ற, செல் சவ்வில் இருக்கும் கால்சியம் ஏ.டி.பி.ஏஸ் பம்ப் ஒரு கால்சியத்தை உள்ளே தள்ளி இரண்டு புரோட்டானை வெளியே எடுக்கிறது. வெளியே கடலின் பி.எச். 8.1 அளவில் இருக்க, உள்ளே 8.5-ஐத் தாண்டும், சில இனங்களில் 9 வரை போகும். கார்பனேட் பங்கு ஏறுகிறது, நிறைவு நிலை பத்து மடங்குக்கு மேல் போகிறது, அப்போது படிகம் வேகமாக வளர்கிறது. இந்தப் பம்ப் ஓட, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. செலவாகும். பவளத்தைப் பற்றி எதைப் பேசினாலும், வெளுப்பு, வெப்பம், அமிலமாதல் எதுவானாலும், இந்தச் செலவுக் கணக்கில்தான் வந்து நிற்கும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: ஒரு கிராம் கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 0.4 கிராம். அதாவது ஒரு லிட்டர் கடல் நீரின் கால்சியம் முழுவதும். கார்பனோ 10 மில்லிமோல் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிமோல்தான் கரைந்திருக்கிறது என்பதால் ஐந்து லிட்டர் நீரின் கார்பன் முழுவதும் தேவை. அதனால்தான் பவளம் கடலின் பைகார்பனேட்டை மட்டும் நம்புவதில்லை. ஆய்வகத்தில் அளந்த ஓர் இனத்தில் கல்லில் சேரும் கார்பனில் 70 முதல் 75 சதவீதம் அதன் சொந்த மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி அதைச் சட்டென்று பைகார்பனேட்டாக மாற்றுகிறது.

பகலில், திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லே பாசி உணவும் ஆக்சிஜனும் தர, கல் வளரும் வேகம் இருட்டில் உள்ளதைப்போல் சராசரியாக மூன்று மடங்காகிறது. வளர வளர, உயிரி அடியிலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டு கீழே மெல்லிய கிடைத்தட்டு ஒன்றைப் போட்டு மூடுகிறது. பழைய மாடி காலியாகக் கிடக்கும். உருண்டைப் பாறையாக வளரும் போரைட்டஸ் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு. கிளைவிடும் அக்ரோபோரா பத்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் போகும். கிண்ணத்தின் உள்ளே நிற்கும் தடுப்புச் சுவர்கள் ஆறின் மடங்காக அமையும். வெளுத்த பவளத்தின் நல்ல படம் ஒன்றைப் பெரிதாக்கி எண்ணச் சொல்லுங்கள்.

படம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலூர், புதுச்சேரிக் கரையில் பவளத்திட்டு கிடையாது. நம் பக்கத்தில் பவளம் என்றால் பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பாறை பாறையாக உடைத்தெடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2001 முதல் கல் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய துண்டு என்றாலும் எடுத்து வந்து பள்ளி அலமாரியில் வைக்காதீர்கள்.


கழிமுகத்து_மட்டி

ஆய்வகப் பகுதியை நான் சொல்கிறேன். பவளத்துக்குப் பதிலாகக் கணவாய் ஓட்டை எடுங்கள். கடற்கரையில் ஒதுங்கும், கிடைக்காவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். பவளத்தைப் போலவே அதுவும் அரகோனைட். ஆனால் கைட்டின் சவ்வு நிறைய இருக்கிறது, அந்தச் சவ்வு வினிகரில் கரையாது. கனிமம் போன பிறகு எது மிஞ்சுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள் வேறு இல்லை.

முதலில் கத்தியால் குறுக்கே ஒரு துண்டு நறுக்கிக் கைலென்ஸில் பாருங்கள். மாடி மாடியாகத் தட்டுகள். தட்டுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில், நெளிந்து நெளிந்து நிற்கும் மெல்லிய சுவர்கள். ஓட்டின் பருமனில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். கணவாய் இந்த அறைகளில் திரவத்தை ஏற்றி இறக்கித்தான் மிதவையைச் சரிசெய்துகொள்கிறது. அதே நேரம் ஆழத்தின் அழுத்தத்தில் நொறுங்கவும் கூடாது. நெளிவு அதற்குத்தான்: ஒரு மாடி நொறுங்கினாலும் அடுத்தது நிற்கும்.

ஒரு கிராம் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் கார்பனேட்டைக் கரைக்க 1.2 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். மளிகைக் கடையின் 4 சதவீத வினிகரில் அது 30 மி.லி. ஆனால் கடைசியில் வேகம் படுத்துவிடும், அதனால் 60 மி.லி. வைத்து அதே அளவு தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள். நீர்க்காமல் போட்டால் வாயு வேகமாகக் கிளம்பி அறைகளுக்குள் சிக்கிச் சவ்வைக் கிழித்துவிடும். காலையில் பார்த்தால் நார் நாராகத்தான் இருக்கும். துண்டு மிதக்கும், மேல் பாதி கரையாமல் நிற்கும். நூலில் கட்டி அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். சலவைக்கல் சில்லு, கிளிஞ்சல் எதையும் பாரத்துக்குக் கட்டாதீர்கள், அமிலத்தை அவை தின்றுவிடும். பாட்டிலை மூடவும் கூடாது. ஒரு கிராமில் கால் லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும்.

காலையில் அதே வடிவத்தில், அதே மாடிகளோடு, விரலில் வழியும் மென்மையான ஒன்று நிற்கும். வடிவத்தை அமிலத்தால் கரைக்க முடியவில்லை என்பதைப் பிள்ளைகள் தொட்டே பார்க்கலாம்.

இன்னும் சுத்தமாக வேண்டுமானால், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. நீரின் கடினத்தன்மை பார்க்க வைத்திருப்பீர்கள். 100 மி.லி.க்கு டைசோடியம் உப்பு 18.6 கிராம். வெறும் தண்ணீரில் அவ்வளவும் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சுமார் 2 கிராம் போனதும் பி.எச். 8-ஐத் தொடும்போது தெளியும். ஒரு கிராம் துண்டுக்கு 50 மி.லி. போதும். குமிழி இல்லாததால் சவ்வு கிழியாது. பொறுமை மட்டும் வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும், நடுவில் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள்.

பாடவேளைக்குள் முடிவது மெக்னீசியம் சோதனை. மூன்று கரைசல்கள், ஒவ்வொன்றும் 100 மி.லி. முதலாவதில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.47 கிராம். இரண்டாவதில் அதே 1.47 கிராமோடு மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 10.2 கிராம். மூன்றாவதில் நீரற்ற சோடியம் கார்பனேட் 1.06 கிராம். முதல் இரண்டிலிருந்தும் 10 மி.லி. தனித்தனிச் சோதனைக் குழாய்களில் எடுத்து, இரண்டிலும் கார்பனேட் கரைசல் 10 மி.லி. ஊற்றுங்கள். இரண்டும் கலங்கும். மெக்னீசியம் இல்லாதது சில நிமிடங்களில் கொழகொழப்பை விட்டு மணல் மாதிரி அடியில் உட்கார்ந்துவிடும்; ஒரு சொட்டை 400 மடங்கு நுண்ணோக்கியில் வைத்தால் சாய்சதுரங்களும் உருண்டைகளும் தெரியும். மெக்னீசியம் உள்ளது பல மணி நேரம் கூழாகவே கிடக்கும். ஊற்றியவுடன் வருவது படிகமே இல்லை, படிகமாகாத கார்பனேட் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

மெக்னீசியம் குளோரைடு இல்லையென்று எப்சம் உப்பைப் போட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் சல்பேட் கால்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாக விழும், கார்பனேட் ஊற்றும் முன்பே சோதனை கெட்டுவிடும்.


புதுவை_சுதைவேலை

சுண்ணாம்பு வேலையிலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

அரகோனைட்டா கால்சைட்டா என்று பிரிக்கப் பழைய முறை ஒன்று உண்டு, மைகன் சோதனை. நன்றாக அரைத்த தூள் 0.2 கிராம், 10 சதவீதக் கோபால்ட் நைட்ரேட் கரைசல் 5 மி.லி., ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அரகோனைட் தூள் இளம் ஊதாவாகும், கால்சைட் வெளுப்பாகவே நிற்கும். ரொம்ப நேரம் கொதித்தால் கால்சைட்டும் நீலம் பாரிக்கும், அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கணவாய் ஓடு அரகோனைட்டுக்கு. கால்சைட்டுக்குக் கோழிமுட்டை ஓடு, உள்தோலை உரித்துவிட்டு. வகுப்பறைச் சாக்பீஸை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் ஜிப்சம். கோபால்ட் நச்சு, ஆசிரியர் கையுறையோடு செய்துகாட்டினால் போதும், கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேருங்கள்.

இரண்டாவது, சூளை. புதுச்சேரியின் பழைய வீட்டுச் சுவர்களில் பூசியது கிளிஞ்சல் சுண்ணாம்புதான். தூய ஓடு 100 கிலோ வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, அதை நீற்றினால் 74 கிலோ. ஓட்டுக்குள் இருக்கும் சவ்வும் சிக்கிய ஈரமும் சூட்டில் வெடித்து ஓட்டைச் சிதறடிக்கும். காயாத ஓட்டை நேரே நெருப்பில் போட்டால் தூளாகிக் காற்றுப் போக்கை அடைத்துவிடும். உப்புப் போகக் கழுவாத ஓடு பூச்சில் பின்னாளில் வெள்ளைப் பூப்பாக வெளியே வரும். ஒரு 400, 450 டிகிரியில் அரகோனைட் கால்சைட்டாக மாறிவிடுகிறது, 850-க்கு மேல்தான் கார்பன் டை ஆக்சைடு விட்டுப் போகும். அதனால் சுட்ட ஓட்டை மைகன் சோதனைக்குக் கொடுத்தால் தவறான விடைதான் வரும்.


முதுநகர்_வேதியியல் (கடலூர்)

மிக்க நன்றி. கணவாய் ஓடும் மெக்னீசியமும் அப்படியே வகுப்புக்குப் பொருந்துகின்றன. உருவக் கேள்வி மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. சவ்வு இருக்கிறது, சரி. சவ்வுதான் படிகத்துக்கு அச்சா? கடல் முள்ளெலி, மீன் காதுக்கல் இவற்றுக்கும் அதே விடையா? இன்னொன்று, உயிருள்ள மட்டி ஓடு கட்டுவதை அளந்து காட்ட வழி உண்டா?


குட்டைமுள்

சவ்வே அச்சு என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள், பாதி உண்மைதான். ஆதரவான சான்று நிச்சயம் இருக்கிறது. 1996-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், ஓட்டின் அரகோனைட் அடுக்கிலிருந்து பிரித்த புரதங்களைக் கரைசலில் சேர்த்தால் அரகோனைட் வந்தது, கால்சைட் அடுக்கின் புரதங்களைச் சேர்த்தால் கால்சைட் வந்தது. எந்தக் கனிமம் என்பதில் புரதத்துக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வடிவம் என்பது வேறு கேள்வி.

அதற்குக் கடல் முள்ளெலியைப் பாருங்கள். கடலூர்த் துறைமுகத்தில் இழுவலைக் கழிவோடு குட்டை முள் இனங்கள் வரும். நீள முள் கருப்பு இனத்தைக் கையால் தொடாதீர்கள், முள் தைத்து உள்ளேயே முறியும். குட்டை முள் இனத்தின் காலி ஓட்டை வீட்டுப் பிளீச்சில் சில மணி நேரம் போட்டால் திசு போய் முட்கள் உதிரும். அதன்பின் பல தண்ணீரில் கழுவுங்கள். பிளீச் ஒட்டியிருக்கும் ஓடு வினிகர் பக்கம் போகவே கூடாது, குளோரின் வாயு வரும்.

உதிர்ந்த முள் ஒன்றை முறித்து முறிவாயைக் கைலென்ஸில் பாருங்கள். கண்ணாடி உடைந்த மாதிரி வளைந்து மின்னும். கால்சைட் என்றால் சாய்சதுரமாகப் பிளக்கவேண்டும், இது பிளக்காது. ஆனால் எக்ஸ்ரே விளிம்பு விளைவில் வைத்தால் முழு முள்ளும் ஒரே படிகம் போல நடந்துகொள்கிறது. நுண்ணோக்கியில் முழுக்க ஓட்டையும் வளைவுமான சல்லடை, தட்டையான முகம் ஒன்றுகூட இல்லை. ஒரே படிகம், படிகத்துக்கே உரிய முகம் மட்டும் இல்லை. இது எப்படி முடிகிறது?

லார்வாவில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு சவ்வுப் பையை உண்டாக்குகின்றன. அதற்குள் முதலில் மிகச் சிறிய கால்சைட் படிகம் ஒன்று பிறக்கிறது. அதன்மேல் செல்கள் கொண்டுவந்து சேர்ப்பது படிகமாகாத கார்பனேட். மெக்னீசியம் சோதனையில் கூழாகக் கிடந்ததே, அதன் நெருங்கிய உறவு. அதற்குச் சொந்த வடிவம் கிடையாது, பை எப்படி வளைகிறதோ அப்படி வளையும். பிறகுதான் அது விதைப் படிகத்தின் ஒழுங்கை வாங்கிக்கொண்டு படிகமாகிறது. வடிவம் பையிலிருந்து, ஒழுங்கு விதையிலிருந்து. லார்வாவின் முட்களில் இந்த இடைநிலைப் பொருளை 1997-இல் காட்டினார்கள், பவளத் திசுவில் 2017-இல் கண்டார்கள்.

காதுக்கல் கதை வேறு. அதைத் தொட்டுக்கொண்டு செல்லே கிடையாது. உள்காதின் திரவத்தில், புரதக் கூழ் ஒன்றின்மீது தொங்கிக்கொண்டு வளர்கிறது. அந்தத் திரவத்தின் அயனிகளைச் சுற்றுச்சுவர் கூட்டியும் குறைத்தும் தருகிறது. இந்தக் கூட்டல் குறைச்சல் நாளொன்றுக்கு ஒரு சுற்று என்பதால் நாளுக்கொரு மெல்லிய வளையம் விழுகிறது. வகுப்புக்குக் கத்தாழையே நல்லது, அதன் கல் பெரிது. கல்லை நடுக்கரு வழியாகக் குறுக்கே முறித்து, முறிவாயைச் சாராய விளக்கில் லேசாகக் காட்டுங்கள். பழுப்பாகும்போது நிறுத்திவிடுங்கள், கருகினால் எல்லாம் ஒரே கறுப்பு. புரதம் அதிகமுள்ள வளையங்கள் கறுக்கும், எண்ணெய் ஒரு சொட்டு தடவினால் தெளிவாகும். இப்படித் தெரிவது தடித்த பட்டைகள்தான். நாள் வளையம் பார்க்கக் கல்லைத் தேய்த்து மெல்லிசாக்க வேண்டும். நம் கடல் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பு, ஆண்டுப் பட்டை குளிர்க்கடல் மீனில் போல விழாது. வயதைச் சொல்லப் போகாதீர்கள்.


பரங்கிப்பேட்டை_அலை

குட்டைமுள் சொல்லும் முள்ளெலிக் கணக்கை ஏற்கிறேன். பவளத்துக்கு அதை முழுசாக நீட்ட வேண்டாம் என்பது மட்டும் என் கருத்து. பவளத்தின் அமிலப் புரதங்கள் நான்கை 2013-இல் தனித்தனியே எடுத்துச் செயற்கைக் கடல் நீரில் விட்டபோது, பம்ப் எதுவும் இல்லாமலே அவை கார்பனேட்டை விழவைத்தன. இடுக்குத் திரவம் ஏற்கெனவே அவ்வளவு நிறைந்திருக்கும்போது அயனி அயனியாகச் சேர்வதற்கும் தடையில்லை. இரண்டும் ஒரே பவளத்தில் நடக்கலாம். வகுப்பில் இதை முடிந்துபோன விஷயமாகச் சொல்லாமல், ஆய்வு நடந்துகொண்டிருக்கும் கேள்வி என்றே சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தெரியவேண்டும்.

கல் இல்லாமல் பவளம் பிழைக்குமா என்று யாராவது கேட்டால்: 2007-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில் மத்தியதரைக் கடல் பவள இனங்கள் இரண்டைப் பி.எச். 7.3 முதல் 7.6 வரையுள்ள நீரில் ஓராண்டு வைத்தார்கள். கல் முழுக்கக் கரைந்து, உயிரிகள் கடல் சாமந்தி போல வெறும் சதையாக நின்றன. பழைய நீருக்கு மாற்றியதும் திரும்பக் கல் கட்டின. ஆய்வகத் தொட்டியில் மீன் கடிக்காது, அலை அடிக்காது என்பதை மறக்கக்கூடாது. பவளத்திட்டு நிற்பது அந்தக் கல்லின்மேல்தான்.


கழிமுகத்து_மட்டி

உயிருள்ள மட்டியை அளக்க முடியும், கொல்லாமலே. நீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பதுதான் வழி. சதையின் அடர்த்தி கடல் நீருக்கு மிக அருகில் இருப்பதால் நீருக்குள் அது எடை காட்டாது, ஓடு மட்டும் காட்டும்.

0.01 கிராம் வரை காட்டும் தராசு, அடியில் கொக்கியுள்ளதாக. கொக்கியிலிருந்து மெல்லிய நைலான் நூல், நூலில் மட்டி, கீழே அது வந்த நீரே நிரம்பிய வாளி. மட்டி சுவரையும் அடியையும் தொடக்கூடாது. ஓட்டின் உண்மை எடை = நீருக்குள் எடை ÷ (1 − நீரின் அடர்த்தி ÷ ஓட்டின் அடர்த்தி). ஓட்டுக்கு 2.7, நீருக்கு 1.02 என்று போட்டால், நீருக்குள் 1 கிராம் என்பது வெளியே ஏறத்தாழ 1.6 கிராம். வாரம் ஒருமுறை போதும்.

சொதப்பும் இடங்கள். ஓட்டுக்குள் காற்றுக்குமிழி மாட்டினால் எடை குறையும். நீருக்குள்ளேயே சாய்த்து, மட்டி வாய் திறந்து மூடும்வரை காத்திருங்கள். ஓட்டின்மேல் ஒட்டிய கொட்டலசும் எடை ஏற்றும், ஏனென்றால் அதுவும் தன் பங்குக்குக் கால்சைட் கட்டிக்கொண்டிருக்கிறது. முதல் நாளே சுரண்டிவிடுங்கள். ஓட்டின் விளிம்பைச் சுரண்டாதீர்கள். அங்கே பழுப்புத் தோல் ஒன்று இருக்கும், ஓட்டைக் கட்டும் மேன்டில் சவ்வுக்கும் கடலுக்கும் நடுவே இடத்தை மூடுவது அதுதான். கிழித்தால் மட்டி பழுது பார்ப்பதிலேயே இறங்கிவிடும், உங்கள் அளவு வீண்.

பெரிய சிக்கல் உப்பு. கெடிலம், உப்பனாறு முகத்துவாரத்தில் வடகிழக்குப் பருவமழையின்போது உப்பு சட்டென்று இறங்கும். ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 25-க்கு இறங்கினால் நீரின் அடர்த்தி சுமார் 0.0075 குறையும். பத்து கிராம் ஓட்டின் பருமன் 3.7 கன சென்டிமீட்டர். அதனால் ஓடு வளராமலே நீருக்குள் எடை 0.03 கிராம் ஏறியதாகக் காட்டும். ஒவ்வொரு முறையும் நீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள், அல்லது ஒரு கண்ணாடிக் கோலியை முதலில் தொங்கவிட்டு எடை பாருங்கள். கோலி வளராது, அதன் எடை மாறினால் மாறியது தண்ணீர்.

மழை நீர் அடர்த்தியை மட்டும் கெடுப்பதில்லை. உப்பு 10-க்கு இறங்கினால், ஆறு கொண்டுவருவதைச் சேர்க்காமல் பார்த்தால் கால்சியம் லிட்டருக்கு 120 மில்லிகிராம் அளவுதான். பெரிய மட்டி ஓட்டை மூடிக்கொண்டு காத்திருக்கும். குஞ்சால் முடியாது. முட்டை கருவுற்ற ஒரு நாள் அளவில், வெறும் கருவுணவை நம்பி, முதல் ஓட்டை அது போட்டாக வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் கரையில் 2007, 2008-இல் குஞ்சு பொரிப்பகத்து ஆளிக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தது இந்தக் கட்டத்தில்தான். ஆழத்திலிருந்து மேலே வந்த, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீர் காரணம் என்று தெரிந்தபின் உள்ளே வரும் நீரில் சோடியம் கார்பனேட் சேர்த்துச் சரிசெய்தார்கள். உங்கள் சோதனைக் குழாயில் ஊற்றும் அதே சோடாதான்.

இரண்டாவது வழி காரத்தன்மை. 100 மி.லி. தொட்டி நீருக்கு 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், புரோமோகிரெசால் கிரீன் காட்டி. நல்ல கடல் நீருக்குச் சுமார் 11.5 மி.லி. செலவாகும், அதாவது லிட்டருக்கு 2.3 மில்லி சமானம். ஒரு மோல் கார்பனேட் ஓட்டில் சேர்ந்தால் காரத்தன்மை இரண்டு சமானம் இறங்கும். பத்து லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.1 இறங்கினால் ஓட்டில் சேர்ந்தது 50 மில்லிகிராம். இங்கே ஒரு எச்சரிக்கை: மட்டி வெளியிடும் அம்மோனியா காரத்தன்மையை ஏற்றும், பழைய தொட்டியின் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கி இறக்கும். அதனால் இரவு முழுக்க விடாமல் நான்கைந்து மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், மட்டியில்லாத ஒரு தொட்டியையும் பக்கத்தில் வைத்து அதன் மாற்றத்தைக் கழியுங்கள். பி.எச். தாளை நம்ப வேண்டாம், இங்கே மாற்றம் எல்லாமே ஒன்றுக்குக் கீழே.